என் நாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வது குறித்து

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்களும், வீட்டில் உள்ளவர்களும், உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்க விரும்புகிறேன். மழைக்காலம் நெருங்குவதால் முழங்காலை மட்டும் நான் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

நிற்க. எனக்கு நாக்கு இருப்பது விஞ்ஞான முறைப்படி நிரூபணமாகிவிட்டது, ஆகவே என்னை 'நாக்குச் செத்தவன்' என்று அழைப்பதை நீங்கள் உடனடியாக நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சென்ற கடிதத்தில் சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதை நீங்கள் நாலு பேர் முன்னால் படித்துக் காட்டியிருப்பீர்கள். அதே நாலு பேரைக் கூப்பிட்டு இதையும் படித்துவிடவும். தபால் இலாகாவில் முதுகு வளைந்தவன் நான். தவறான இடத்தில் பட்டுவாடா ஆனதைத் திரும்பப் பெறாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இறங்கும்தான், ஆனால் நிம்மதியாக இறங்காது.

அந்தப் பட்டத்தை எனக்கு நீங்கள் கொடுத்த சந்தர்ப்பத்தை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டில் நான் முதன்முதலாகச் சாப்பிட்ட அன்று, சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்த இனிப்பை எல்லோரும் தட்டோரம் ஒதுக்கிவைக்க, நான் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஒரு விருந்தையும் விடாமல் அதைச் சொல்லிவருகிறீர்கள். உங்கள் தங்கையும் எந்தப் பதார்த்தத்தைப் பற்றியும் என்னிடம் கருத்துக் கேட்பதில்லை. 'சுவரைக் கேட்டாலும் ஏதாவது சொல்லும்' என்பாள்.

இப்படிப்பட்ட என்னை மீன் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையம் எதற்காகச் சுவை பார்க்கக் கூப்பிட்டது என்று நீங்கள் கேட்பீர்கள். மகள் அங்கே ஆராய்ச்சியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் எடுத்துக்கொண்டிருப்பது நெத்திலிக் கருவாடு. துறைமுகத்துக்கு அப்பால் பெண்கள் மீனை மணலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். வெயில் இருந்தால் ஈ, காற்று அடித்தால் மண், மழை வந்தால் ஒன்றுமே இல்லை, நனைந்த மீன் கோழித் தீவனத்துக்குத்தான் போகும். இவள் அதற்கு ஒரு கூடாரம் வடிவமைத்தாள். ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை, உள்ளே இடுப்பளவு உயரத்தில் வலைத் தட்டுகள், அவ்வளவுதான். ஈ வராது, மண் ஒட்டாது, மழையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மொத்த வியாபாரி ஒருவர், கூடாரத்தில் காய்ந்த மீன் மணலில் காய்ந்த மீன் மாதிரி இருக்காது, எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அவர் வாங்காததை மற்றவர்களும் வாங்க மாட்டார்கள். கடைசியில் நிலையத்தின் சுவைக் குழு சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும், அதை அவரும் ஏற்றுக்கொள்ளட்டும், பிறகு மழைக்கு முன்னால் கூடாரங்களைக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. இந்த நேரம் பார்த்துக் குழுவில் ஒருவருக்குத் தீராத ஜலதோஷம். ஓய்வு பெற்றபின் நான் வீட்டில் செய்யும் காரியங்களால் ஏற்கெனவே மனம் கசந்திருந்த உங்கள் தங்கை, 'இவரைக் கூட்டிட்டுப் போ, எதைக் குடுத்தாலும் சாப்பிடுவார்' என்றாள். மகள் தயங்கினாள். சுவை அறையின் அதிகாரி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கும் அம்மையார், 'உள்ளே வந்துட்டா யாரும் யாருக்கும் அப்பா இல்ல. எல்லாரும் வாய்தான்' என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

சுவை அறையை நீங்கள் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவர், வரிசையாகத் தடுப்புகள், ஒரு தடுப்புக்கு ஒரு ஆள், எதிரே சுவரில் புறாக்கூட்டுக் கதவு மாதிரி ஒரு சின்னக் கதவு. மீனின் நிறம் தெரியக் கூடாது என்று தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. கதவு வழியாக எண் போட்ட மூன்று கிண்ணங்கள் வரும். அவற்றில் இரண்டு ஒன்று போலிருக்கும், ஒன்று வேறு. வேறானது எது என்று சீட்டில் எழுதி வெளியே தள்ள வேண்டும். பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது. இவை எல்லாம் என் இல்லற வாழ்க்கையில் நன்கு பழகிய விதிகள் என்பதால் எனக்குச் சிரமம் தோன்றவில்லை.

கிண்ணம் நிரப்புகிறவரை எல்லோரும் சின்ன டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். அவர் டாக்டர் அல்ல. ஆனால் அந்த நிலையத்திலேயே மிக நீளமான வெள்ளைக் கோட்டு அவருடையது. நல்ல மனிதர். முதல் நாள் நான் வெளியே வந்ததும் நடைபாதையில் பின்னாலேயே வந்து, எங்கோ பார்த்தபடி, 'சார், மேடம் மீனைக் கரெக்டாப் புடிச்சுட்டீங்க' என்றார். மேடம் என்று அவர் சொல்வது என் மகளை. விடையை வெளியில் சொல்வது அங்கே பெரிய குற்றம். ஆனால் அந்தக் குற்றத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. மறுநாளும் பிடித்தேன். அதற்கடுத்த முறையும். சின்ன டாக்டர் என்னைப் பார்க்கும் பார்வையில் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. சிறந்த மீன் என்பதால்தானே தனியாகத் தெரிகிறது, அதை நான் எடுத்துக் காட்டக் காட்ட மகளுக்குப் பெருமைதானே என்று நாங்கள் இருவருமே கணக்குப் போட்டோம். அந்த உற்சாகத்தில்தான் உங்களுக்குச் சென்ற கடிதம் எழுதியது.

மகளோ நாளுக்கு நாள் வாடினாள். ஒரு மதியம் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளிடம், 'என்னம்மா, சாப்பாடு இறங்கலையா?' என்று கேட்டேன்.

'ஒண்ணுமில்லப்பா. குழுவுல பாதிப் பேர் கண்டுபிடிச்சுடறாங்க. அதுலயும் ஒரு ஆளு, எந்தத் தடுப்புன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க, ஒரு தடவைகூட விடறதில்ல.'

அவள் குரலில் இருந்ததை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். விதியை மதித்து வாயைத் திறக்காமல், முகத்தை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். உங்கள் தங்கை, 'கழுத்து வலியா?' என்றாள்.

என் கண்ணைத் திறந்தது நிலையத்தின் வாசலில் இருக்கும் டீக்கடை. அங்கே ஒரு பெண்மணி கையில் குடையோடு நின்றார். வெயிலில் விரிப்பதில்லை, மடக்கியே வைத்திருப்பார். மீன் காயவைக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி, பெயர் குடையக்கா. வானத்தை நம்பாதவர். மகளுக்கு நான் அப்பா என்று தெரிந்ததும் மகிழ்ந்து, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

'ஐயா, உள்ள எவனோ ஒரு நாக்கு நீளக்காரன் உட்கார்ந்திருக்கானாமே. எங்க கூடாரத்து மீனை ஒவ்வொரு தடவையும் காட்டிக் கொடுக்கிறானாம்.'

'காட்டிக் கொடுக்கறதா? கண்டுபிடிக்கறது நல்லதுதானேம்மா?'

'என்னங்க நல்லது? வித்தியாசமே தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா அந்த வியாபாரி வாங்க மாட்டான். அவன் வாங்கலைன்னா கூடாரம் வராது. மழை மட்டும் சொன்னபடி வந்துடும். அந்த ஆளுக்கென்ன, தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிடுவான். அடிக்கிறது எங்க வயித்துல இல்ல?'

'ஒருவேளை அவருக்கு விஷயம் தெரியாம இருக்கலாம்.'

'தெரியவெச்சுடுவோம். யாருன்னு மட்டும் தெரியட்டும். இந்தக் குடை மழைக்கு மட்டும்னு நினைச்சீங்களா?'

டீ சூடாக இருந்தது. அதை நான் எவ்வளவு வேகமாகக் குடித்தேன் என்றால், எனக்கு நாக்கே இல்லை என்பதற்கு அதுவே போதுமான சாட்சி. வழியெல்லாம் என் சாதனைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு துறைமுகத்துப் பெண்களின் பிழைப்பையும் பெற்ற மகளின் ஆராய்ச்சியையும், ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்துத் துப்பி, ஒரு வாய் மீன் தின்று, மிக ஒழுங்கான முறையில் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். 'நாளையிலேருந்து வேணும்னே தப்பா எழுதிடறேன்' என்றேன்.

'அவ உண்மையைத் தேடற வேலை பாக்கறா. அதுல நீங்க பொய்யைக் கலக்கப் போறீங்களா? ஆராய்ச்சியா அது? இருங்க. முதல்ல உங்களுக்கு நாக்கு இருக்கான்னே பாத்துடலாம்' என்று சமையலறைக்குள் போனாள். மூன்று டம்ளரில் டீயுடன் வந்தாள். 'ரெண்டு நம்ம வீட்டு டீ. ஒண்ணு முனைக் கடை டீ. கடை டீ எது, சொல்லுங்க.'

நான் முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்தேன், நிதானித்தேன், குடித்தேன், வாய் கொப்பளித்தேன். மறுபடி குடித்தேன். உண்மையைத் தவிர வேறு வழியில்லை. 'மூணும் ஒண்ணாத்தான் இருக்கு' என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனைக் கடை டீ எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கை கழுவின தண்ணீர்போல இருக்கும். அதற்கும் அவள் டீக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அந்தப் பார்வையோடு என் நாக்கின் ஆயுள் முடிந்தது.

பிறகு அவள் கேட்டாள்: 'குடிக்கறதுக்கு முன்னாடி எதுக்கு ஒவ்வொண்ணையும் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க? ஸ்டாம்பு ஒட்டணுமா?'

'நான் எங்க தூக்கினேன்?'

'தூக்கினீங்க. கை தானாப் போகுது. அந்த ரூம்லயும் இப்படித்தான் தூக்கினீங்களா?'

மைத்துனர் அவர்களே, தராசு கெட்டுப்போன காலங்களில் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டிய கவரை வெறும் உள்ளங்கையால் தள்ளிவைத்தவன் நான். ஒரு பூவிதழ் அதிகமிருந்தால் என் கைக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் அந்த மூன்று கிண்ணங்களில் ஒன்று எடை கூடியிருக்க வேண்டும். என் நாக்கு எதையும் கண்டுபிடிக்கவில்லை, கைதான் கண்டுபிடித்திருக்கிறது. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த பெருமை, ஒரு டம்ளர் டீயில் கரைந்து போனது.

மறுநாள் காலை முதல் வேலையாக அதிகாரி அம்மையார் முன்னால் போய் நின்று, 'அம்மா, எனக்கு நாக்கு கிடையாது' என்று ஆரம்பித்தேன். அவர் என் வாயைப் பார்த்தார். விளக்கமாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைக்குத் தயாராக இருந்த தட்டிலிருந்து கைக்கு வந்த மூன்று கிண்ணங்களை எடுத்துத் தராசில் வைத்தார். இரண்டு ஒரே எடை. மூன்றாவது, அடுத்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று இருந்தது.

சின்ன டாக்டரைக் கூப்பிட்டார்கள். கோட்டைப் பிசைந்துகொண்டு நின்றார்.

'நான்தாம்மா. மேடம் ராப்பகலாக் கஷ்டப்படறாங்க. அவங்க மீன் நாலு பேர் வாயில நல்லபடியா இருக்கட்டுமேன்னு, கொஞ்சம் சதைப்பத்தாப் பாத்து எடுத்து வெச்சேன். நிறம் தெரியாம சிவப்பு லைட்டு போட்டிருக்கீங்களே, அளவும் தெரியாதுன்னு நினைச்சுட்டேன்.'

பாதிக் குழு கண்டுபிடித்ததன் மர்மம் அதுதான். அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கதவருகே நின்ற மகள் முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். 'அப்பா, ஒரு தடவைகூட விடாத அந்த ஆளு நீங்கதானா?' என்றவள், சுவரில் சாய்ந்து சிரித்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய முடிவுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. மீன் ஒவ்வொன்றும் நிறுத்து எடுக்கப்பட்டது. எல்லாம் தெரிந்த வாய் குழுவில் இருக்கக் கூடாது என்பது விதியாதலால் என்னை எடுத்துவிட்டு, என் தடுப்பில் ஜீப் ஓட்டுநரை உட்காரவைத்தார்கள். இந்த முறை குழு கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்த மாதிரிதான் எழுதியது, யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வியாபாரி நம்பாமல் தானே வந்து உட்கார்ந்தார். மூன்றையும் மென்று, மணலில் காய்ந்த மீனை எடுத்துக் காட்டி, 'இதான் கூடாரத்து மீன். வெயில் பத்தலை, நாக்குல வெச்சதுமே தெரியுது பாருங்க' என்றார். அதிகாரி அம்மையார் எண்ணைத் திருப்பிக் காட்டினார். வியாபாரி இன்னொரு வாய் தண்ணீர் கேட்டார். அதன்பின் அவர் வாங்க மறுக்கவில்லை.

கூடாரங்கள் எழும்பிவிட்டன. நேற்று நான் பார்க்கப் போயிருந்தபோது பருவத்தின் முதல் தூறல் விழுந்தது. பழக்கதோஷத்தில் எல்லாப் பெண்களும் சாக்கையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார்கள். பாதி வழியில்தான் மூடுவதற்கு ஒன்றும் இல்லை என்று ஞாபகம் வந்தது. ஓடியவர்கள் அப்படியே மழையில் நின்று, கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். குடையக்கா குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். 'அந்த நாக்கு நீளக்காரனைத் தூக்கிட்டாங்களாமே, நல்லதாப் போச்சு' என்றார். ஆமாம், நல்லதாப் போச்சு என்றேன்.

ஆக, எனக்கு நாக்கு இல்லை. நீங்கள் சொல்லிவந்தது அத்தனையும் சரி. வேலையும் போய்விட்டதால் வரும் வாரம் நானும் உங்கள் தங்கையும் அங்கே வந்து, நீங்கள் சலித்துக்கொள்ளும் வரை தங்குவதாக உத்தேசம். பஸ்ஸில் இரண்டு இடம் எடுத்தாயிற்று. என்ன சமைத்தாலும் சாப்பிடுவேன், கருத்துச் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். எல்லோர் வீட்டு அடுப்பும் எரியட்டும், எல்லோர் மீனும் காயட்டும்.

இப்படிக்கு,
நாக்கில்லாத,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை மடித்து, கவரில் போட்டு, எடை பார்த்து, தபால் பெட்டி வரை போய்விட்டேன். அங்கே சின்ன டாக்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். 'சார், என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு. ஆனா உங்க கிண்ணத்துல மட்டும் நான் கை வைக்கலை சார். மேடம் அப்பாவுக்குக் கொழுத்த மீன் குடுத்தான்னு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதில்ல. உங்களுக்கு மூணுமே ஒரே மாதிரி ஒல்லி மீன்தான்' என்றார்.

கடிதத்தைப் பெட்டியில் போடாமல் வீட்டுக்குத் திரும்பி, அந்த மூன்று டம்ளர் டீயைப் பற்றி உங்கள் தங்கையிடம் கேட்டேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே, 'கடைக்குப் போய் டீ வாங்க யாருக்கு நேரம்? மூணும் நம்ம வீட்டு டீதான்' என்றாள்.

'அப்ப நான் சொன்னது சரிதானே? ஏன் வாயே திறக்கலை?'

'திறக்கத்தான் வந்தேன். நீங்க தூக்கிப் பாத்ததும், எடையில ஏதாவது கோளாறா இருந்தா எல்லாத்தையும் முதல்லேருந்து செய்வாங்களேன்னு தோணிச்சு. உங்க நாக்கு பெரிசா, அவ வேலை பெரிசா?'

'உண்மையைத் தேடற வேலைன்னு எனக்குச் சொன்னியே.'

'தேடத்தானே அனுப்பினேன். கிடைச்சுதா இல்லையா?'

மகளிடம் ஒளிக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவள் கவலைப்படுவாள் என்று நினைத்தேன். கண் மின்ன, 'நிஜமாவே தெரிஞ்சுதாப்பா? என்ன வித்தியாசம்?' என்றாள். பழையதில் மீனோடு கொஞ்சம் கடற்கரையும் இருந்தது, புதியதில் மீன் மட்டும்தான் இருந்தது என்றேன். 'ஊர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சா தப்பில்ல, எழுதி வெச்சுடறேன்' என்றவள், அங்கேயே எனக்கு அடுத்த வேலையும் கொடுத்துவிட்டாள். கூடாரத்துக் கருவாட்டைப் பொட்டலம் போட்டு வைத்தால் எவ்வளவு காலம் கெடாமலிருக்கும் என்பது அடுத்த ஆராய்ச்சி. எல்லோருக்கும் முன்னால் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற நாக்கு வேண்டுமாம். மழைக்காலம் முழுக்க நான் கெடப்போகும் மீனைச் சாப்பிட்டாக வேண்டும். ஆகையால் நான் வருவதற்கில்லை.

இரண்டு இடங்களில் ஒன்றைத்தான் ரத்து செய்திருக்கிறோம். மற்றொன்றில் உங்கள் தங்கை வருகிறாள். நாக்கு திரும்ப வந்த மகிழ்ச்சியில் இன்று மதியம், உப்புக் கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கியதும் அவளிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால்தான் நம்புவாள். அன்று அந்த இனிப்பில் விழுந்தது உப்பு என்பது எனக்கு முதல் கரண்டியிலேயே தெரியும். நீங்கள் சொல்லிச் சொல்லி நானே மறந்துபோயிருந்தேன். இரண்டாம் முறை கேட்டது, பரிமாறிக்கொண்டு வந்தது அவள் என்பதால்.